பிளாஸ்டிக் கதவும் பேரமில்லாத விலையும்: சாட்டர்ன் காரின் கதை

1991 மே மாதம். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு புதிய காரில் கோளாறு தெரிந்தது. எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட்டை வெளியிலிருந்து வாங்கியிருந்தார்கள். அதில் ஒரு தொகுதியின் கலவை பிசகிப்போய், எஞ்சினை உள்ளிருந்தே அரிக்கக்கூடியதாக இருந்தது. மாட்டிக்கொண்டவை 1,836 கார்கள். கூலன்ட்டை வடித்துவிட்டு, குழாய்களைக் கழுவி, தேவைப்பட்டால் ரேடியேட்டரை மாற்றிக் கொடுப்பதுதான் வாகன உலகத்தின் வழக்கம். இந்த நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கார்களையே திரும்ப எடுத்துக்கொண்டு, வாங்கியவர்களுக்கு வேறு புதுக் கார்களைக் கொடுத்தது.

அந்த நிறுவனத்தின் பெயர் சாட்டர்ன். உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக அப்போது இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் கடைக்குட்டி. 1990இல் முதல் கார் வந்தது, 2010இல் கடையைக் கட்டினார்கள். இருபதே ஆண்டு வாழ்ந்த இந்தக் காருக்கு இருந்த அளவு பாசமுள்ள வாடிக்கையாளர்கள், நூறாண்டு வாழ்ந்த பல கார்களுக்குக்கூட இருந்ததில்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி ஜெனரல் மோட்டார்ஸுடையவை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. குறைந்த பெட்ரோலில் ஓடி, அடிக்கடி பழுதாகாத சிறிய ஜப்பானியக் கார்களைத் தேடி மக்கள் போனார்கள். ஹோண்டா, டொயோட்டாவுக்குச் சரிநிகராகச் சிறிய காரை லாபத்தில் செய்ய அமெரிக்கக் கார் நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. இருக்கிற தொழிற்சாலைகளையும் பழக்கங்களையும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்ற முடிவுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் அப்போதைய தலைவர் ரோஜர் ஸ்மித் வந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க 1985 ஜனவரியில் சாட்டர்ன் என்ற தனி நிறுவனம் பதிவானது. அமெரிக்கர்களை நிலவுக்கு ஏற்றிப்போன ராக்கெட்டின் பெயர் அது. முதலீடு 500 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்பே, நிர்வாகத்திலிருந்தும் யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ் தொழிற்சங்கத்திலிருந்தும் 99 பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு குழு போட்டிருந்தார்கள். நல்ல தொழிற்சாலை எப்படி இயங்குகிறது என்று பார்த்து வருவதுதான் அவர்களுடைய வேலை. சொந்த ஆலைகளையும் வெளி நிறுவனங்களையும் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பி வந்து அவர்கள் கொடுத்த யோசனையின் சாரம், தொழிலாளியை முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான்.

நாஷ்வில் நகருக்குத் தெற்கே, டென்னசி மாநிலத்தின் ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூரில் ஆலை எழுந்தது. அங்கே ஃபோர்மன் அதட்டும் வழக்கம் இல்லை. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் வேலையைத் தாங்களே பிரித்துக்கொண்டன. புதிதாக ஆள் எடுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி தரத்தோடும் பயிற்சியோடும் பிணைக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 90 மணி நேரம் ஒவ்வொருவரும் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். அசெம்பிளி லைனில் கார் நகர நகரக் கூடவே ஓடிக்கொண்டு வேலை செய்யும் தொல்லையும் அங்கே இல்லை. கார் ஏற்றியிருக்கும் அகலமான மரப் பலகை மேடை மெல்ல ஊர்ந்து போகும். தொழிலாளியும் அதன்மேல் நின்றபடியே போல்ட்டை முடுக்குவார். கால் வலி குறைந்தால் கை தவறாது என்ற கணக்கு. வேலை செய்கிறவரை மனதில் வைத்துப் போட்ட திட்டம் என்பதற்கு அந்த ஆலையில் இதைவிட நல்ல சான்று கிடையாது.

1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. ரோஜர் ஸ்மித்தும் சங்கத் தலைவர் ஓவன் பீபரும் சேர்ந்து அதை ஓட்டி வந்தார்கள். மறுநாளே ஸ்மித் ஓய்வுபெற்றார்.

கார் எப்படி இருந்தது? பார்க்கப் பெரிய வியப்பில்லாத நான்கு கதவு செடான். தொடக்க விலை 7,995 டாலர். ஆனால் ஒரு காந்தத்தை எடுத்துப்போனால் விஷயம் தெரியும். கூரையிலும் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் காந்தம் ஒட்டும். கதவிலும் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரிலும் ஒட்டாது, வழுக்கி விழும். எடையையும் மோதலையும் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுக் கூடு. பக்கவாட்டில் தெரிவதெல்லாம் அந்தக் கூட்டின்மேல் பொருத்திய பிளாஸ்டிக் பலகைகள். சூப்பர் மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டி வந்து இடித்தால் கதவு உள்ளே அமுங்கித் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். துருவும் பிடிக்காது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டும் வடக்கு மாநிலங்களில் இது சின்ன விஷயமில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வெயிலில் பிளாஸ்டிக் எஃகைவிட அதிகம் விரியும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நெருக்கமாக இடைவெளி விட்டால் கோடையில் இரண்டும் உரசிக்கொள்ளும். அதனால் சாட்டர்னின் கதவு ஓரங்களில் இடைவெளி அகலமாகவே இருந்தது. ஜப்பானியக் கார்களின் மெல்லிய கோட்டைப் பார்த்துப் பழகிய விமர்சகர்கள் இதைக் குறையாகவே எழுதினார்கள்.

1.9 லிட்டர் எஞ்சின் இன்னும் சுவாரசியமானது. அதன் அலுமினிய பிளாக்கையும் ஹெட்டையும் வார்க்க, முதலில் அதே வடிவத்தில் தெர்மாகோல் போன்ற நுரையில் ஓர் அச்சு செய்வார்கள். அதை மணலில் புதைத்து, உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சூட்டில் நுரை ஆவியாகிப் போக, அந்த இடத்தை அலுமினியம் பிடித்துக்கொள்ளும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வெளியேற்றி ஐம்பொன் சிலை வார்ப்பதற்கு இது நெருங்கிய உறவு. சிக்கலான உள்வழிகளை வார்ப்பிலேயே கொண்டுவந்துவிடலாம். பிறகு கடைசல் வேலை குறையும். சாதாரண மாடலுக்கு 85 குதிரைத்திறன், இரட்டை கேம்ஷாஃப்ட் மாடலுக்கு 120க்குச் சற்று மேல். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் ஃபில்டரைக்கூட ஆயில் ஃபில்டர் மாதிரி வெளியிலிருந்தே திருகிக் கழற்றலாம். வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது.

இவ்வளவும் சொன்னாலும், சாட்டர்னை வாங்கியவர்கள் முதலில் பேசியது காரைப் பற்றியே அல்ல, கடையைப் பற்றி. அமெரிக்காவில் கார் வாங்கப் போவது பலருக்குப் பிடிக்காத காரியம். ஒட்டியிருக்கும் விலை ஒன்று, பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று. சாட்டர்ன் ஷோரூமில் ஒரே விலை, எல்லோருக்கும். ஒவ்வொரு டீலருக்கும் பெரிய வட்டாரத்தை ஒதுக்கியிருந்ததால், பக்கத்துக் கடைக்காரனோடு போட்டி போட்டு விலையைக் குறைக்கும் தேவையும் இல்லை. தனியாகக் கார் வாங்க வந்த பெண்கள் இதைக் குறிப்பாக வரவேற்றார்கள். சாவி கொடுக்கும் நாளில் விற்பனையாளர், மெக்கானிக், கணக்காளர் என்று கடையில் இருக்கும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து காரைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். லெக்ஸஸ், இன்ஃபினிட்டி போன்ற ஆடம்பரக் கார்களுக்கு அடுத்த இடத்தில் வாடிக்கையாளர் திருப்திப் பட்டியலில் ஒரு மலிவு விலைக் கார் உட்கார்ந்திருந்ததற்கு இதுவே காரணம்.

1993இல் மின்கம்பி ஒன்றில் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் மூன்றரை லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பல டீலர்கள் அந்த நாளை விருந்தாக்கி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, காரையும் கழுவி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், உரிமையாளர்கள் எல்லோரையும் ஸ்பிரிங் ஹில் ஆலைக்கே அழைத்தபோது, தங்கள் கார் பிறந்த இடத்தைப் பார்க்க ஏறத்தாழ 44,000 பேர் திரண்டார்கள். அதே 1994இல்தான் விற்பனை உச்சம் தொட்டது: சுமார் 2,86,000 கார்கள்.

ஓட்டியவர்களின் அனுபவம் முழுக்கப் புகழ்ச்சி அல்ல. எஞ்சின் இரைச்சல் எல்லோரும் சொன்ன குறை. வேகம் கூடும்போது அதிர்வு ஸ்டீயரிங்வரை வரும். இருக்கை தாழ்வு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மட்டரகம். கதவை மூடி சாவியைத் திருப்பியதும் தோள்பட்டை பெல்ட் மோட்டாரில் தானாக நகர்ந்து வரும் ஏற்பாடு தொடக்க ஆண்டுகளில் இருந்தது; அதைச் சகிக்காதவர்கள் அதிகம். வயதான எஞ்சின் எண்ணெய் குடித்தது. பிஸ்டனின் ஆயில் ரிங் பகுதியில் எண்ணெய் வடிந்து திரும்பப் போதிய வழி இல்லை. கரி சேர்ந்து ரிங் இறுகிவிடும், எண்ணெய் மேலேறி எரியும். பழைய சாட்டர்ன் வைத்திருப்பவரின் டிக்கியில் ஓர் ஆயில் டப்பா இருப்பது சகஜமானது. ஆனால் அதே மனிதர்கள், நெடுஞ்சாலையில் கேலனுக்கு 40 மைல், அதாவது லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கிடைத்ததையும் பெருமையாகச் சொல்வார்கள். ஃபெண்டர் உடைந்தால் பழைய இரும்புக் கடையில் இன்னொன்றை வாங்கிவந்து தாங்களே மாட்டிக்கொண்டார்கள். ஜப்பானுக்காக வலது பக்க ஸ்டீயரிங்கோடு செய்த கார்களில் சில, அமெரிக்கக் கிராமப்புறத் தபால்காரர்களின் கைக்குப் போயின. சாலையோரத் தபால் பெட்டிக்குக் கை நீட்ட அவர்களுக்கு அந்தப் பக்கம்தான் வசதி.

சாட்டர்னைத் தோற்கடித்தது வாடிக்கையாளர் அல்ல, தாய் நிறுவனம். 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் நஷ்டத்தில் இருந்தது. செவ்ரலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல் பிரிவுகளுக்கோ தங்கள் பணத்தைச் செல்லப்பிள்ளை தின்கிறது என்ற ஆத்திரம். சாட்டர்னுக்குப் புது மாடலுக்கான பணம் வரவில்லை. திருமணமாகிப் பிள்ளை பெற்று, பெரிய கார் தேடி அதே கடைக்கு வந்தவர்களிடம் காட்ட அங்கே எதுவும் இல்லை. அவர்கள் வருத்தத்தோடு ஹோண்டா கடைக்குப் போனார்கள்.

2000 மாடலாக ஒருவழியாக வந்த பெரிய கார், எல் சீரிஸ், ஓப்பல் வெக்ட்ராவை அடிப்படையாக வைத்து டெலவேர் மாநிலத்தில் செய்யப்பட்டது. ஸ்பிரிங் ஹில்லில் அல்ல. 2003 மாடலாக வந்த அயான், டேஷ்போர்டின் நடுவில் மீட்டர்களை வைத்து வாங்குவோரைக் குழப்பியது. பின்னாளில், 2014இல் பெரிய விவகாரமான பழுதான இக்னிஷன் சுவிட்ச் பொருத்தப்பட்ட கார்களில் அயானும் ஒன்று. ஸ்பிரிங் ஹில் ஆலைக்கென்று தொழிற்சங்கத்தோடு இருந்த தனி ஒப்பந்தம் போய் மற்ற ஆலைகளின் ஒப்பந்தமே வந்தது. பிளாஸ்டிக் கதவும் போனது. கடைசி ஆண்டுகளின் ஆரா, ஸ்கை நல்ல கார்கள்தான். ஆரா 2007இல் வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த கார் விருதும் வென்றது. ஆனால் அவற்றுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பெயர்களில் நெருங்கிய உடன்பிறப்புகள் இருந்தன. பிறகு சாட்டர்ன் எதற்கு என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. டீலர் கடைகளை நடத்திவந்த பென்ஸ்கே குழுமம் சாட்டர்னை வாங்க முன்வந்தது. ஆனால் அதற்குக் கார் செய்துதர வேறு உற்பத்தியாளர் வேண்டியிருந்தது. பேச்சு நடத்திய ரெனோ பின்வாங்கியது. செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கே விலக, அன்றே மூடும் அறிவிப்பு வந்தது.

ஸ்பிரிங் ஹில்லில் பிறகு காடிலாக்கின் மின்சாரக் காரான லிரிக் தயாரானது. சாட்டர்னின் முதல் வரிசையான பழைய எஸ் சீரிஸை இன்றும் ஓட்டுகிறவர்கள் அதில் ஒன்றை வாங்க நினைப்பவருக்குச் சொல்வது மூன்று விஷயங்கள்: பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெய் பாருங்கள், நின்றிருக்கும்போது அதிர்ந்தால் எஞ்சினின் மேல்பக்க மவுண்ட்டை மாற்றுங்கள், பேனலைக் கழற்றி அடியில் இருக்கும் எஃகுக் கூட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.