தூது அனுப்பிய பிரபு

தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு தருகின்றது. கிளியையும் நெஞ்சையும் தமிழையுமே தூதனுப்பிய புலவர்கள் நம்மவர்கள். ஆகவே, தூதின் வெற்றி எதிலே தங்கியுள்ளது என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. அயர்லாந்துப் பிரபு ஒருவரின் வாழ்க்கையில் அதற்கு ஒரு விடை கிடைக்கின்றது என்பது என் எண்ணம். நமது கடலோடும் தொடர்புபட்ட வாழ்க்கை அது.

ஜோர்ஜ் மக்கார்ட்னி 1737இல் அயர்லாந்தின் அன்ட்ரிம் பகுதியிற் பிறந்தவர். டப்ளின் டிரினிற்றிக் கல்லூரியிற் கற்றவர். 1764இல் ருஷியாவுக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். 1776இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரனடாவின் ஆளுநராக இருந்தபோது, 1779இல் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். 1781இல் அவர் சென்னைக்கு ஆளுநராக வந்தார். அப்போது ஹைதர் அலியின் படை ஆற்காட்டு நாட்டை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. வெகுமதி என்ற பெயரிற் பணம் குவிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், கை நீட்டாதவர் என்று பெயரெடுத்தவர் இவர்.

அந்நாளில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலும் போர் நடந்தது. குருநகருக்கு அண்மையில் நாம் காணும் யாழ்ப்பாணக் கோட்டை அன்று ஒல்லாந்தர் கையில் இருந்தது, திருகோணமலையும் அவ்வாறே. 1781 நவம்பரில் நாகபட்டினத்தையும், 1782 ஜனவரியில் திருகோணமலையையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அடுத்து வேண்டியது கண்டி மன்னரின் நட்பு. தம்மோடு சென்னைக்கு வந்திருந்த ஹியூ பொய்ட் என்பவரை மக்கார்ட்னி தூது அனுப்பினார். இவரும் அன்ட்ரிம் பகுதியில் பிறந்தவரே.

கண்டியில் அப்போதுதான் ஆட்சிக்கு வந்திருந்தவர் மதுரை நாயக்கர் மரபினரான இராஜாதி இராஜசிங்கன். 1762இல் பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் வந்து சென்றும் பயன் எதுவும் விளையாததைக் கண்டி அரசவை மறந்திருக்கவில்லை. ஓலை கொணர்ந்தவர் மன்னரின் தூதரல்லர், வணிகக் கம்பனியின் ஆளுநருடைய தூதரே என்பதையும் அது கவனித்தது. ஆங்கில மன்னரோடு நேரடியாகவே உடன்படிக்கை வேண்டும் என்பது கண்டியின் நிலை. வாக்குக் கொடுக்க அதிகாரம் உள்ளவர் யார் என்ற நியாயமான கேள்வி அது. பொய்ட் வெறுங்கையோடு திரும்பினார். வழியிற் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே திருகோணமலையும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று.

பதினொரு ஆண்டுகளின் பின், 1793இல், மக்கார்ட்னி தாமே தூதராகச் சீனம் சென்றார். இம்முறை ஆங்கில மன்னரின் திருமுகமே கையிலிருந்தது. ஆயினும், மும்முறை மண்டியிட்டு ஒன்பது முறை நிலத்தில் தலைபட வணங்கும் சீன மரபுக்கு அவர் இணங்கவில்லை. தம் மன்னர் முன் செய்வதுபோல ஒரு காலை மட்டும் மடித்து வணங்கவே முன்வந்தார். சியன்லுங் பேரரசர் விருந்தளித்தார்; பரிசும் தந்தார். ஆனால், கேட்ட வணிகச் சலுகைகளுள் ஒன்றேனும் தரவில்லை. கண்டியில் ஓலை அனுப்பியவரின் தகுதி போதவில்லை. சீனத்திலோ அனுப்பியவர் மன்னரேயாயினும், அவரைத் தமக்குச் சமமானவராகப் பேரரசர் ஏற்கவில்லை. தூதுவனின் சொல்வன்மை மாத்திரம் போதாது. அனுப்பியவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் மதித்தாலன்றி அச்சொல் செல்லாது என்பதையே இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

பின்னர் நன்னம்பிக்கை முனையிலும் ஆளுநராக இருந்த மக்கார்ட்னி, 1806இல் மகப்பேறின்றி மறைந்தார். அவரோடு அப்பிரபுப் பட்டமும் முடிந்தது. ஆனால், தூது தோற்ற இடங்களின் கதை முடியவில்லை. 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1815இல் கண்டி வீழ்ந்தது. 1839இல் சீனத்தில் அபினிப் போர் மூண்டது. ஓலையோடு வந்து கேட்டவர்கள், கிடைக்காதபோது பீரங்கியோடு வந்தார்கள். படைவலிமையின் செருக்கைத் தணிக்கச் சென்ற ஔவையின் தூது இன்றும் நம்மால் நினைக்கப்படுவதன் காரணம் இப்போது விளங்கும்.