எங்கே போகிறது இந்த றோட்டு?

சொல்லும் வழியும் – 14

வில் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும்போதுதான் மருமகள் கொப்பியை எடுத்து நீட்டினாள். ஆறாம் வகுப்பு. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மாநிலத்தில் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடும். இது அவளுக்கு நான்காவது வருடம். தன் ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாக்கியத்திலேயே சிவப்பு வட்டம் விழுந்திருந்தது. ஃப்ராவன்ஃபெல்டுக்கு றோட்டு ‘இஸ் றன்னிங்’ என்று எழுதியிருந்தாள். அதை அடித்து ‘றன்ஸ்’ என்று திருத்தியிருந்தார் ஆசிரியை.

“மாமா, றோட்டு எப்பிடி ஓடும்? அது அங்கதானே கிடக்கு.”

பிழையைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் பட்டது. ஓடாத ஒன்றை ஓடுகிறது என்று ஏன் சொல்கிறோம்? ஆங்கிலத்தில் சாலை ஓடும், ஏறும், சறுக்கி இறங்கும், காட்டைக் கடக்கும். வேலி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போகும். மலைத்தொடர் தெற்கே ஓடும். இதில் எதுவும் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. அவள் பள்ளியில் படிக்கும் ஜெர்மனிலோ சாலை பெரும்பாலும் ‘ஃப்யூரன்’ செய்யும். கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். ‘ஃபெர்லாவுஃபன்’ என்றும் ஒரு சொல் உண்டு. அதற்குள் இருக்கும் ‘லாவுஃபன்’, வில்லில் அவள் தோழிகளோடு பேசும் சுவிஸ் ஜெர்மனில் நடப்பதைத்தான் குறிக்கும். ஓடுவதற்கு அங்கே ‘ஷ்ப்ரிங்கே’. வீட்டுத் தமிழில் றோட்டு போகிறது. ஆக, ஒரே றோட்டு அந்தப் பிள்ளையின் வாயில் நான்கு விதமாக நகர்கிறது. அவள் குழம்பியதில் வியப்பில்லை.

வில் ஒரு சந்தி. சாங்க்ட் காலனுக்கும் வின்டர்தூருக்கும் இடையிலான பெரிய ரயில்பாதை ஊரை ஊடறுத்துப் போகிறது. டோகன்பர்க் பள்ளத்தாக்குக்கு ஒன்றும் வைன்ஃபெல்டனுக்கு ஒன்றுமாகக் கிளைகள் பிரிகின்றன. இவற்றோடு 1887இல் திறந்த ஃப்ராவன்ஃபெல்ட் பாதையும் இருக்கிறது. ஒரு மீற்றர் அகலத் தண்டவாளம். அந்தச் சின்ன ரயில் வயல்களுக்கு நடுவே வெகுதூரம் சாலைக்குப் பக்கத்திலேயே போகும். பாடம் சொல்ல இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

“அங்க பார் பிள்ளை. ரயில் போகுது. தண்டவாளமும் போகுது. பக்கத்தில றோட்டும் போகுது. மூண்டில எது நகருது?”

“ரயில் மட்டும்தான்.”

நிலையத்தில் இருந்த வரைபடத்தின் முன் அவளை நிறுத்தி, “ஃப்ராவன்ஃபெல்ட் றோட்டைக் காட்டு” என்றேன். சுட்டுவிரலை வில்லில் வைத்தாள். விரல் மெல்ல வடக்கே ஏறியது, வளைந்த இடத்தில் வளைந்தது, ஃப்ராவன்ஃபெல்டில் போய் நின்றது. கண்ணும் விரலோடு கூடவே போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மொழியியலில் லெனர்ட் டால்மி 1996இல் எழுதிய கட்டுரை இதைக் கற்பித இயக்கம் என்ற பெயரில் விரிவாக ஆராய்ந்தது. ரானல்ட் லாங்ககர், நகர்வது பொருளல்ல, அதைப் பார்த்துப் பேசுபவரின் மனம் என்றார். டீனி மேட்லாக் 2004இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. படிப்பவர்களுக்கு முதலில் ஒரு பயணக் கதையைக் கொடுத்தார். பிறகு அந்த நிலத்தின் சாலையைப் பற்றி, அது கடந்து போகிறது என்ற வகையில் ஒரு வாக்கியத்தைப் படிக்க வைத்தார். கதையில் பயணம் மெதுவாக நடந்திருந்தால், அல்லது நிலம் கரடுமுரடாக இருந்திருந்தால், அந்த ஒற்றை வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவும் அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. சாலை அசையவில்லை. படித்தவர் உள்ளுக்குள் அதன்மேல் போய்வந்திருக்கிறார்.

ஆனால் இதைப் புதிய கண்டுபிடிப்பாகத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இதற்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது. வரும் இயல்பே இல்லாதவற்றை வருவதாகச் சொல்வதும், பேசும் இயல்பே இல்லாதவற்றைப் பேசுவதாகச் சொல்வதும் அந்தந்தப் பொருளின் தன்மையைக் குறிப்பால் உணர்த்தும் என்கிறது அது. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, வழி இங்கே வந்து கிடப்பது. இன்னொன்று, மலை வந்து இன்னொன்றோடு பொருந்துவது. வழியும் மலையும்! இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் அதே பொருள்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரும் நன்னூலின் பொதுவியலில், அஃறிணைப் பொருள்கள் கேட்பதுபோலவும் பேசுவதுபோலவும் இயங்குவதுபோலவும் சொல்லப்படும் என்று இதைத் தனியாக எடுத்துச் சொன்னார். நம் பள்ளிகளில் இந்த நூற்பாக்களை ஒப்புவிக்க வைக்கிறோமே தவிர, றோட்டோரத்தில் நிறுத்திக் காட்டுவதில்லை. அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

உரைகாரரின் வழி வந்ததோடு நிற்கவில்லை, கிடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ் பல நேரம் அசைவை வினையெச்சத்தில் வைத்து, முடிவில் பொருளைப் படுக்க வைத்துவிடுகிறது. ‘ஒழுங்கை வளைஞ்சு போய்க் கிடக்கு’, ‘மலை நீண்டு கிடக்கு’. ஆங்கிலம் ஒரே வினையில் ஓடவிடுகிறது. நாம் கண்ணை ஓடவிட்டுப் பொருளைக் கிடத்துகிறோம்.

பெயருக்கு முன்னால் வந்தால் தமிழ் இன்னும் நுட்பமாகிறது. ‘கண்டிக்குப் போற றோட்டு’. இதில் போவது யார்? றோட்டா, அதில் போகிற நாமா? பெயரெச்சம் ஆறு பொருளில் பெயரைக் கொள்ளும் என்கிறது நன்னூல். செய்பவனும் அந்த ஆறில் ஒன்று, நிலமும் ஒன்று. ‘பாடின பிள்ளை’ என்றால் பாடியது பிள்ளை. ‘படுத்த பாய்’ என்றால் படுத்தது பாயல்ல. ‘போற றோட்டு’ இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சாலை போவதாகவும் கொள்ளலாம், சனம் போகிற சாலையாகவும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு தொடர் வேண்டும்.

எல்லா வினைக்கும் எந்த மொழியும் இடம் கொடுப்பதில்லை. யோ மட்சுமோட்டோ ஜப்பானிய மொழியை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டார். மனிதர் நடந்து போகக்கூடிய சாலைக்கு ஜப்பானியம் தாராளமாக இடம் தருகிறது. வேலி, கம்பி என்று வந்தால் கையை இறுக்கிக்கொள்கிறது. தமிழில் கரண்டுக் கம்பி கூரைக்கு மேலால் போகும், சுவரில் வெடிப்பு ஓடும், சேலையில் சரிகை ஓடும். சாலை ஏறும், இறங்கும், திரும்பும், பிரியும். நடக்காது, நொண்டாது. ஆங்கிலச் சாலையும் நொண்டாது. கால் எப்படிப் பட்டது என்பது வழிக்குத் தேவையில்லை. வழியின் வடிவம் போதும்.

சிவப்பு வட்டத்துக்கு வருவோம். தமிழில் ‘போகுது’ ஒன்றே இரண்டு வேலையும் செய்கிறது. இப்போது ரயில் போகுது, எப்போதும் றோட்டு போகுது. ஆங்கிலம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. ‘இஸ் றன்னிங்’ இந்த நேரத்து ஓட்டம்; ‘றன்ஸ்’ நிலையான கிடப்பு. காரில் போய்க்கொண்டே, இப்போது றோட்டு காட்டுக்குள் போகிறது என்பவர் முதல் வடிவத்தைச் சொல்லலாம். அவர் உண்மையிலேயே நகர்கிறார். வரைபடத்துக்கு இரண்டாவதுதான் சரி.

இதை விளக்க எனக்கு வந்த எடுத்துக்காட்டு இலங்கையின் ஏ9 நெடுஞ்சாலை. கண்டியிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றருக்கு மேல். எங்களுக்கு அது கண்டி றோட்டு. 1990இல் போரால் ஆனையிறவு வழி அடைபட்ட பிறகு சனம் கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் படகேறி அக்கரை போனது. இவளுடைய அம்மாவான என் அக்காவும் அப்படித்தான் போனாள். 2002 போர்நிறுத்தத்தில் முகமாலையில் பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டு. வெறுமனே ‘பாதை’ என்றாலே எங்களுக்கு அது ஒன்றுதான். பாதை திறந்தாச்சாம், பாதை பூட்டியாச்சாம் என்று எத்தனை பகல்கள் பேசியிருக்கிறோம்! அந்த வருடங்களிலும் யாரும் கேட்டால், கண்டி றோட்டு கண்டிக்குப் போகுது என்றுதான் சொன்னோம்.

“ஆனா நீங்கள் போகேல்லையே?” என்றாள் மருமகள்.

“றோட்டு போகுது. நாங்கள் போகேலாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். ஃப்ராவன்ஃபெல்ட் ரயில் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். வாங்கில் உட்கார்ந்து கொப்பியை மடியில் வைத்து ஐந்து வாக்கியத்தையும் மறுபடி எழுதினாள். நான்கு வில்லைப் பற்றியவை. ஐந்தாவதில் ஏ9 கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ‘கோஸ்’ என்று எழுதி, அந்த எஸ் எழுத்தைப் பேனையால் இரண்டு தரம் அழுத்தித் தடிப்பாக்கினாள்.