அப்டேட்டுக்குப் பின் லேப்டாப் ஏன் முடங்குகிறது?

கணினியில் நிரல்கள் இரண்டு நிலைகளில் ஓடுகின்றன. பிரவுசர் போன்றவை வெளிநிலையில் இயங்கும். அங்கே பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். திரை, வைஃபை, சேமிப்பகம் ஆகியவற்றை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னல் என்ற மையநிலையில் ஓடுகின்றன. அங்கே ஒரு டிரைவர் தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டால், தரவுகள் சிதையாமல் காக்க விண்டோஸ் தானே முழு இயக்கத்தையும் நிறுத்திவிடும். அப்டேட்டில் கெர்னல் மாறும்போது பழைய டிரைவர் அதோடு ஒத்துப்போகாமல் போகலாம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்த மென்பொருளும் மையநிலையில் ஓடியதுதான் காரணம்.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். திரையில் தோன்றும் பிழைக்குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சேஃப் மோடில் தொடங்குங்கள். அதில் அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஓடும். அங்கே சிக்கலின்றி இயங்கினால், டிரைவர் அல்லது கூடுதல் மென்பொருள் மீதே சந்தேகம். அப்டேட்டில் டிரைவரும் மாறியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். அல்லது லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை நிறுவுங்கள். பலனில்லையெனில் அந்த அப்டேட்டை நீக்குங்கள். ஆனால் அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும் என்பதால் இது தற்காலிகத் தீர்வே.

சேஃப் மோடிலும் முடங்கினால் ரேம், சேமிப்பகம், சூடு ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் உண்மைக் காரணம் தெரியும்.