குட்டி யானைக்கு எந்தச் சுவர்?

காலை ஆறரை மணி. வேப்பந்தட்டை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை. அக்கா மகன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து பெஞ்சில் விரித்தான்.

"மாமா, நம்ம குட்டி யானைக்கு கன்டெய்னர் பாடி கட்டலாம்னு இருக்கேன். ஒரு பட்டறையில ரெண்டு இன்ச் பஃப் போடணும்ங்கிறாங்க. இன்னொரு பட்டறையில ஒரு இன்ச் தெர்மாகோலே போதும்ங்கிறாங்க. எதைப் போடட்டும்?"

"எதை ஏத்தப் போறே மாப்ளே? அதை முதல்ல சொல்லு."

"காலையில கடைகளுக்குத் தயிர், பன்னீர், பால் பாக்கெட். மத்தியானத்துக்கு மேல திருச்சி மண்டிக்குச் சின்ன வெங்காயம்."

இரண்டு டீ சொன்னேன். குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியை இந்தச் சுற்று வட்டாரத்தில் சொந்தமாக வைத்திருக்கும் இளைஞர்கள் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது. போட்ட காசு வீணாகக் கூடாது என்பதால், அவனுக்குச் சொன்னதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எதிர்க் கடைகளுக்கு டீ கொடுத்தனுப்பும் ஃபிளாஸ்க் மேசை மேல் இருந்தது. அதைத்தான் முதலில் காட்டினேன். ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி 1892-இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் வழிவந்தது அது. டீயை ஊற்றினால் டீ சூடாக இருக்கும், ஐஸ் போட்டால் ஐஸ் உருகாமல் இருக்கும். சூட்டையோ குளிரையோ அது உண்டாக்குவதில்லை. வெப்பம் கடந்து போகும் வேகத்தை மட்டும் குறைக்கிறது. வண்டிச் சுவரில் வைக்கும் பஃப்பும் தெர்மாகோலும் செய்வது இதே வேலைதான். காசு கொடுத்து நாம் வாங்குவது நேரம். குளிர்ந்த சரக்கை ஏற்றினால், அது கெடாமல் இருக்கும் நேரம் நீளும். வெதுவெதுப்பான பாலை ஏற்றினால், அந்த வெதுவெதுப்பையே சுவர் பத்திரமாகக் காத்து வைக்கும். ஆகவே "எத்தனை இன்ச்?" என்று கேட்பதற்கு முன், "எனக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி நேரத்தை வாங்கிய பெரிய கதை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஏரிகளில் வெட்டிய ஐஸை, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணம். ஏற்றியது சுமார் 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100 டன். இயந்திரம் எதுவும் கிடையாது. ஐஸைச் சுற்றி அடைத்திருந்த மரத்தூள் போன்ற பொருள்கள்தான் காவல். அந்த வியாபாரம் சென்னைக்கும் வந்தது. இங்கே ஐஸை இருப்பு வைக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ்.

மரத்தூளுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? அதனுள் அடைபட்ட காற்றிலிருந்து. பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் நம் வேப்பந்தட்டை. பஞ்சைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சு மெத்தை கதகதப்பாக இருப்பது, அதன் இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் நிற்பதால். அதே மெத்தையை நனைத்துப் பாருங்கள். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர். காற்றைப் பிடித்து வை, ஈரத்தை விடாதே. இந்த வித்தை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

இனி பட்டறையில் காதில் விழும் பெயர்களுக்கு வருவோம். பஃப் என்பது பாலியூரிதேன் நுரை. அதன் குமிழ்கள் மூடியவை, தண்ணீரை எளிதில் உள்ளே விடாதவை. தெர்மாகோல் அதைவிட மலிவு, ஆனால் ஒன்றரை மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மணிகளுக்கு நடுவே ஈரம் இறங்கும், எறும்பு கூடு கட்டும். கிளாஸ்வூலும் ராக்வூலும் ஏறக்குறைய தெர்மாகோல் தரம்தான். தீப்பிடிக்காது என்பது அவற்றின் பலம், தண்ணீரைக் குடித்துவிடும் என்பது பலவீனம். உள்ளே அடுப்பு வைத்து டிபன் வண்டி நடத்துகிறவர் அடுப்புப் பக்கச் சுவருக்கு ராக்வூல் வைக்கலாம். தயிர் வண்டிக்கு அது வேண்டாம்.

கணக்கு போட்டுக் காட்டினால்தான் அவனுக்கு மனசு ஆறும் என்று தாளைத் திருப்பினேன். ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரமுள்ள பெட்டி. ஆறு பக்கமும் சேர்த்து 190 சதுர அடி. வெளியே 40 டிகிரி, உள்ளே 5 டிகிரி. ஒரு இன்ச் தெர்மாகோல் வைத்தால் சுவர் வழியாக மணிக்குச் சுமார் 8 கிலோ ஐஸை உருக்கும் அளவுக்கு வெப்பம் உள்ளே வரும். அதே தெர்மாகோலை இரண்டு இன்ச் வைத்தால் நாலரைக் கிலோ. இரண்டு இன்ச் பஃப் என்றால் 3 கிலோ. எட்டு மணி நேர ஓட்டத்துக்கு 64 கிலோ ஐஸ் எங்கே, 24 கிலோ எங்கே? மேல் வெயிலும், கதவு திறப்பதும், இரும்புச் சட்டமும் சேர்ந்தால் மூன்று கணக்குமே இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொருளின் பெயரைப் போலவே தடிமனும் முக்கியம். மூன்று இன்ச் தெர்மாகோல் ஏறக்குறைய இரண்டு இன்ச் பஃப்புக்குச் சமம். "அப்போ நாலு இன்ச்சே வச்சுடலாமா மாமா?" என்றான். வைக்கலாம், ஆனால் இடம் போய்விடும். அந்தப் பெட்டியின் கொள்ளளவு 175 கன அடி. இரண்டு இன்ச் சுவர் வைத்தால் உள்ளே 145 கன அடி மிஞ்சும். நாலு இன்ச் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய் 119-தான் மிஞ்சும். உள்ளூர்ச் சுற்றுக்கு இரண்டு இன்ச் பஃப் போதும். ஐஸ்கிரீம்போல உறைந்த சரக்கு ஏற்றுகிறவர்தான் அதற்கு மேல் போக வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் இரும்புச் சட்டம். பெட்டிக்கு எலும்பாக நிற்கும் இரும்பு ஸ்கொயர் பைப், பஃப்பைவிடச் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வெளித் தகட்டையும் உள் தகட்டையும் அதே பைப் தொட்டுக்கொண்டிருந்தால், வெயில் அந்த வழியாகவே நேராக உள்ளே இறங்கும். குளிர்ந்த பைப்பின் மேல் ஈரம் பூத்துத் துருவும் பிடிக்கும். பைப்புக்கும் உள் தகட்டுக்கும் நடுவே மர ரீப்பரோ ரப்பர் பட்டையோ கொடுக்கச் சொல்லுங்கள். செலவு சிறிது, பலன் பெரிது.

ஈரத் தடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. குளிர் நாடுகளில் வண்டிக்குள் ஆட்கள் தங்குவார்கள், சூடும் ஈரமும் உள்ளே இருக்கும். ஆகவே அங்கே ஈரத் தடுப்பை உள்பக்கம் வைக்கிறார்கள். நமக்கு நேர்மாறு. சூடும் ஈரமும் வெளியே, குளிர் உள்ளே. ஈரம் வெளியிலிருந்துதான் சுவருக்குள் நுழையப் பார்க்கும். வெளித் தகட்டின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு ரிவெட் துளையும் சீலன்ட் போட்டு அடைபட வேண்டும்.

பல வருடம் முன்பு நானும் ஒரு பெட்டி கட்டினேன். தெர்மாகோலை ஒட்டப் பயன்படுத்திய பசையே அதைக் கரைத்துவிட்டது. கரைப்பான் கலந்த பசை தெர்மாகோலை அரித்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது, கட்டியவரும் சொல்லவில்லை. கூரை இணைப்பில் சீலன்டும் இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி, உள்ளே அடித்த பிளைவுட் உப்பி, தை மாதத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். அந்த நஷ்டம் இன்னொருவருக்கு வரக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கூரைக்கு வெள்ளையடியுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் கிட்டத்தட்ட 1,000 வாட். அதில் பெரும் பகுதியைச் சுத்தமான வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். சுவரில் ஒட்டச் சொல்லும் பளபளப்பான அலுமினியத் தாளும் நல்லதுதான், ஆனால் அதன் முன்னே முக்கால் இன்ச்சாவது காற்று இடைவெளி வேண்டும். தகட்டோடு ஒட்டி வைத்தால் அது வெறும் தகடு.

இனி வெங்காயம். பெரம்பலூர் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த சரக்கு. நம் சம்சாரிகள் அதை எப்படி இருப்பு வைக்கிறார்கள்? வெங்காயப் பட்டறை போட்டு. அடியில் காற்றுப் போக இடம் விட்டு, பக்கங்களில் சந்து விட்டு, மேலே கீற்று போட்டு. அறுத்த பின்னும் வெங்காயம் மூச்சு விடுகிறது, சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றுகிறது. காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் வேர்த்து, அழுகி, நாறும். அந்த வாடை தயிருக்கும் பன்னீருக்கும் ஏறும். தயிருக்கு நல்ல பெட்டி எதுவோ அதுவே வெங்காயத்துக்குக் கெட்ட பெட்டி.

"அப்போ என்ன செய்யறது?" என்றான்.

எது உன் பிழைப்பு என்று முடிவு செய். வெங்காயம்தான் முக்கியம் என்றால் பாடியே கட்டாதே. திறந்த கம்பிக் கூண்டும் நல்ல தார்ப்பாயும் போதும். தயிரும் பாலும்தான் முக்கியம் என்றால் நல்ல பெட்டி கட்டு, வெங்காயத்தை விட்டுவிடு. இரண்டும் வேண்டுமென்றே நின்றால், கீழே முன்பக்கம் ஒன்றும் மேலே பின்பக்கம் ஒன்றுமாக, ரப்பர் பீடிங்கோடு இறுக மூடும் காற்றுத் துளைகள் இரண்டு வை. வெங்காயத்துக்குத் திற, தயிருக்கு மூடு, நடுவில் கழுவிக் காயவை. இது சமாளிப்புதானே தவிர, தீர்வு ஆகாது.

மற்ற சேர்மானங்களில் முதல் இடம் கதவுக்கு. நல்ல பீடிங், இறுக்கும் தாழ், உள்ளே தொங்கும் பிவிசி பட்டைத் திரை. கடைக்குக் கடை நிறுத்தி இறக்குகிறவர் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்தால், பெரிய கதவைத் திறந்து குளிரைக் கொட்ட வேண்டாம். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் திறக்க உள்பக்கமும் ஒரு தாழ் கட்டாயம். தரையில் தண்ணீர் வடிய மூடியுள்ள துளை. வெளியிலிருந்தே பார்க்கும்படி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். எல்.இ.டி. விளக்கு. இரவில் கரண்டில் உறையவைத்துப் பகலெல்லாம் குளிர் தரும் உப்புக் கரைசல் தட்டுகளும் உண்டு. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.

எடையையும் மறக்கக் கூடாது. குட்டி யானை சுமப்பது சுமார் முக்கால் டன். இந்தப் பெட்டிக்குப் பஃப் 35 கிலோதான் வரும். ஆனால் ஆறு பக்கமும் 12 மி.மீ. பிளைவுட் அடித்தால் அதுவே 130 கிலோவைத் தாண்டும், தினமும் அவ்வளவு சரக்கு குறையும். பிளைவுட் தரைக்கு மட்டும் போதும், சுவருக்கு ஃபைபர் ஷீட்.

வெல்டிங் வேலை முழுவதும் முடிந்த பிறகே நுரை உள்ளே போக வேண்டும். பஃப்பும் தெர்மாகோலும் எரியும், எரிந்தால் வரும் புகை ஆளைக் கொல்லும். ஒயர்கள் குழாய்க்குள் போகட்டும். பாடி மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு தெரிவித்துப் பயனில்லை.

டீ எப்போதோ ஆறிவிட்டது. அவன் தாளில் வெங்காயம் என்ற சொல்லை அடித்துவிட்டு, "தயிர் வண்டிதான் மாமா" என்றான். நல்ல முடிவு.

பாடி கட்டப் போகும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மீதிப் பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனை செய்யுங்கள். பகலில் ஒருவரை உள்ளே நிறுத்திக் கதவை மூடுங்கள், எங்கிருந்தாவது வெளிச்சம் வந்தால் அங்கே காற்றும் வரும். ஹோஸ் பிடித்துக் கூரையில் தண்ணீர் அடியுங்கள். கடைசியாக 50 கிலோ ஐஸை எடை போட்டு உள்ளே வைத்து, வண்டியை நாள் முழுவதும் வெயிலில் நிறுத்துங்கள். மாலையில் மிஞ்சிய ஐஸை மறுபடி எடை போடுங்கள். பட்டறைக்காரர் சொன்னதையும் நான் சொன்னதையும் விட்டுவிட்டு, அந்தத் தராசு சொல்வதை நம்புங்கள்.