போனவர் போனாலும் பெட்டி போகவில்லை!

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், கும்மிடிப்பூண்டி தாண்டி, எளாவூர் தாண்டி, ஆரம்பாக்கம் என்ற ஸ்டேஷனில் இறங்கலாம். இறங்காமல் தூங்கிவிட்டால் அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா! டீக்கடையில் ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் தெலுங்கில் பதில் சொல்ல, இருவரும் சண்டையில்லாமல் காசு கொடுத்துவிட்டுப் போகிற ஊர். கல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேறொரு காரியமாகப் போயிருந்தேன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம், நேயர்களே. நான் சொல்லப் போகும் சங்கதி அங்கே மட்டும் நடப்பதில்லை. உங்கள் ஆபீஸிலும் இந்த நிமிஷம் நடந்துகொண்டிருக்கலாம்.

கேட்டுக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அறை. வாசலில் நெல்லூருக்குப் போக வேண்டிய லாரி, சரக்கு ஏற்றிக்கொண்டு தயாராக நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானால் 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் வேண்டும். பில் தயார், இன்வாய்ஸும் தயார், இரண்டும் கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரிகின்றன. பிரிண்டரிலிருந்து மட்டும் காகிதம் வருவதாகக் காணோம்.

"என்ன ஸார், இன்னும் எவ்ளோ நேரம்? ராத்திரிக்குள்ள இறக்கணும்" என்கிறார் டிரைவர்.

"இருங்கண்ணே, கம்ப்யூட்டர் தம்பி வந்துட்டாரு" என்கிறார் குமாஸ்தா.

தம்பி வந்தார். இருபத்தைந்து வயசிருக்கும். திரையைப் பார்த்த உடனேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. 'சி டிரைவ்' என்ற பெட்டிக்கு எதிரே சிவப்புக் கோடு. இடம் இல்லை. அச்சுக்குப் போகும் எந்தக் காகிதமும் முதலில் அந்த டிரைவில் சிறிது நேரம் தங்கித்தான் பிரிண்டருக்குப் போக வேண்டும். தங்க இடமில்லாவிட்டால்? லாரி நிற்க வேண்டியதுதான்!

தம்பி 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்தார். வரிசையாகப் பெயர்கள், நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"இவங்கள்ல இப்ப யாரு வேலையில இருக்கா?" என்று கேட்டார்.

குமாஸ்தா விரல் விட்டு எண்ணினார். ஒன்பது பேர்!

மற்றவர்கள் எங்கே? சிலர் ஒப்பந்தம் முடிந்து ஒரிஸ்ஸாவுக்கும் பீகாருக்கும் போய்விட்டார்கள். சிலர் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் ரிடையராகிவிட்டார். ஆனால் அத்தனை பேருடைய மூட்டை முடிச்சும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன.

மேன்ஷனும் ரிஜிஸ்தரும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நீங்கள் அறிவீர்கள். புதிதாக ஒருவர் வந்தால் அறை கொடுப்பார்கள். எல்லா அறையிலும் ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி மேஜை. வந்தவர் கொடி கட்டுவார், காலண்டர் மாட்டுவார். நாளடைவில் அது அவர் அறையாகிவிடும். கீழே மானேஜரிடம் ஒரு ரிஜிஸ்தர்: எந்த ஆசாமிக்கு எந்த அறை என்று அதில் எழுதியிருக்கும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரும் இப்படித்தான். ஒருவர் முதல் தடவை தம் பெயரைப் போட்டு உள்ளே வந்தவுடன் அவருக்கென்று ஓர் அறை தயாராகிறது. அதற்கு யூசர் ப்ரொஃபைல் என்று பெயர். 'டீஃபால்ட்' என்ற மாதிரி அறையைப் பார்த்து நகலெடுக்கப்பட்ட அறை. அவருடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள். கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியில் 'ப்ரொஃபைல் லிஸ்ட்' என்று ஒரு பகுதி உண்டு. அதுதான் மானேஜரின் ரிஜிஸ்தர். அதில் ஆளைப் பெயரால் எழுதுவதில்லை. நீளமான எண்ணால் எழுதுகிறார்கள்.

ஒரு வலைப்பின்னலில் பல கம்ப்யூட்டர்கள் இருந்தால், யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் சர்வரில் இருக்கும். ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் இடத்தில் ஒருவர் காலையில் கேட்டில், மாலையில் ஸ்டோர்ஸில், மறுநாள் வேபிரிட்ஜில் உட்காருவார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவருக்கு ஓர் அறை! ஈமெயிலின் பிரதியும், இணையத்தில் பார்த்த பக்கங்களின் மிச்சமும் சேர்ந்து அறை பெருத்துக்கொண்டே போகும். ஓர் அறைக்கு ஐந்து ஜி.பி. என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது அறைக்கு 200 ஜி.பி. ஆகிவிடும். அந்தக் கேட் கம்ப்யூட்டரின் டிரைவே மொத்தம் 256 ஜி.பி.தான்!

ஒருவர் வேலையை விட்டுப் போனதும் சர்வரில் அவர் பெயரை அடித்துவிடுகிறார்கள். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. தலைமை ஆபீஸில் பெயரை அடித்தால் மேன்ஷன் அறை தானாகக் காலியாகுமா? பெயர் போனபின் அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று கம்ப்யூட்டருக்கே தெரியாது. 'அக்கவுண்ட் அன்னோன்' என்று எழுதிக் காட்டும். ஊர் பேர் தெரியாத பெட்டி, ஆனால் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

அவசரத்தில் அழித்த கதை

"முப்பது ஃபோல்டரையும் டெலீட் பண்ணிட்டா அஞ்சு நிமிஷத்துல லாரி போயிடும்" என்றார் தம்பி. கை மவுஸின் மேல் போயிற்று.

"வேணாம் தம்பி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கணக்குப் பிரிவு அம்மாள். "போன மாசம் ஸ்டோர்ஸ்ல என்ன ஆச்சு? மறந்துட்டீங்களா?"

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. என்ன ஆச்சு என்று நான் விசாரித்தேன்.

ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவர் நீண்ட லீவில் போயிருந்தார். போய்விட்டவர் என்று எண்ணி அவர் ஃபோல்டரைக் கையால் அழித்துவிட்டார்கள். அதாவது, அறையை இடித்துவிட்டார்கள். ரிஜிஸ்தரில் பெயரை அடிக்கவில்லை. மனுஷர் திரும்பி வந்து உள்ளே நுழைந்தார். ரிஜிஸ்தரில் பெயர் இருக்கிறது, அறையைக் காணோம்! மேன்ஷன் மானேஜர் என்ன செய்வார்? தாழ்வாரத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, "இன்றைக்கு இங்கே படுங்கள்" என்பார். விண்டோஸும் அப்படியே ஒரு தாற்காலிக ப்ரொஃபைலைக் கொடுத்தது. ஓர் எச்சரிக்கையும் திரையில் வந்தது. வழக்கம்போல் அதை யாரும் படிக்கவில்லை. அவர் அன்று முழுவதும் ஸ்டாக் கணக்கெடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு மாலையில் லாக்-அவுட் செய்தார். தாழ்வாரக் கட்டிலைக் காலையில் பெருக்கித் தள்ளுவதுபோல, லாக்-அவுட் ஆனதும் தாற்காலிக ப்ரொஃபைல் அடியோடு போய்விடும். ஒரு நாள் உழைப்பும் அதோடு போயிற்று.

இந்த முறை தம்பி நிதானப்பட்டார். 'டிஸ்க் கிளீனப்' என்ற கருவியால் வேண்டாத தாற்காலிகக் குப்பைகளை மட்டும் அகற்றினார். குப்பைத் தொட்டியைக் காலி செய்தார். சில ஜி.பி. இடம் கிடைத்தது. பிரிண்டர் கனைத்துக்கொண்டு இரண்டு காகிதங்களைத் துப்பியது. லாரி புறப்பட்டது. முதலுதவி வேறு, வைத்தியம் வேறு. லாரி வாசலில் நிற்கும்போது மனிதர்களின் பெட்டிகளை அழிக்க உட்காரக் கூடாது.

தேதி சொல்லும் பொய்

"இதைத் தானாகவே செய்ய வழியில்லையா?" என்று நான் கேட்டேன்.

இருக்கிறது. 'இத்தனை நாளாக வராதவரின் ப்ரொஃபைலை ரீஸ்டார்ட் ஆகும்போது அழித்துவிடு' என்று குரூப் பாலிஸியில் ஒரு கட்டளை போட்டு வைக்கலாம். அந்தத் தொழிற்சாலையிலும் 90 நாள் என்று போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஓர் அறைகூடக் காலியாகவில்லை. ஏன்?

முதல் காரணம், கட்டளை ரீஸ்டார்ட் சமயத்தில்தான் வேலை செய்யும். மூன்று ஷிப்டும் ஓடுகிற இடத்தில் கேட் கம்ப்யூட்டரை யார் ரீஸ்டார்ட் செய்கிறார்கள்? இரவில் 'ஷட் டவுன்' செய்தாலும் போதாது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி வந்திருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டர் முழுக்கத் தூங்குவதில்லை. கோழித் தூக்கம்தான் போடுகிறது. ரீஸ்டார்ட் என்ற பட்டனையே அழுத்த வேண்டும்.

இரண்டாவது காரணம் வேடிக்கையானது. 'இவர் கடைசியாக எப்போது வந்தார்?' என்பதற்குக் கம்ப்யூட்டர் நெடுநாளாக நம்பி வந்த சாட்சி, ஒவ்வோர் அறையிலும் இருக்கும் 'என்டியூசர் டாட்' என்ற ஃபைலின் தேதி. வைரஸ் தேடும் புரோகிராமோ, விண்டோஸின் அப்டேட்டோ வந்து எல்லா அறையையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனால், அந்தத் தேதி மாறிவிடக்கூடும். காவல்காரன் இரவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்து, 'எல்லாரும் நேற்றுக்கூட வந்திருக்கிறார்கள்' என்று மானேஜர் எழுதி வைப்பது போலத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனவர் கம்ப்யூட்டர் கணக்கில் நேற்று வந்தவர்!

விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளில், ப்ரொஃபைல் திறந்த நேரமும் மூடிய நேரமும் ரிஜிஸ்தரிலேயே தனியாகக் குறிக்கப்படுகின்றன. இது கொஞ்சம் நல்ல சாட்சி. ஆனாலும் கம்ப்யூட்டரின் கடிகாரமே தவறிப்போய் எதிர்காலத் தேதியைக் காட்டினால், இன்று வேலை செய்கிறவரும் பழையவராகத் தோன்றுவார். தேதியை மட்டும் நம்பி மனிதனை அழிக்கக் கூடாது என்பதுதான் இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது.

முறையான வழி

கையால் செய்வதானால், ஃபோல்டரைத் தொடாதீர்கள். 'சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'யூசர் ப்ரொஃபைல்ஸ்' என்பதன் 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும். யாருக்கு எவ்வளவு இடம் என்றும் தெரியும். அங்கே 'டெலீட்' கொடுத்தால் அறையும் போகும், ரிஜிஸ்தரிலிருந்து பெயரும் போகும். 'டெலீட்' பட்டன் மங்கிக் கிடந்தால் அந்த ப்ரொஃபைல் உபயோகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, நிர்வாகி மட்டும் உள்ளே வந்து மறுபடி பார்க்க வேண்டும்.

பல கம்ப்யூட்டர்கள் இருந்தால் பவர்ஷெல் கட்டளைகளாலோ, ஹெல்கே கிளைன் என்பவர் எழுதிய 'டெல்ப்ராஃப் 2' என்ற கருவியாலோ செய்யலாம். அதில், எதையும் அழிக்காமல் 'யார் யாரை அழிப்பேன்' என்று பட்டியல் மட்டும் காட்டும் ஏற்பாடு உண்டு. முதல் நாள் பட்டியலை மட்டும் எடுங்கள், அதைச் சம்பளப் பிரிவில் கொடுத்துச் சரி பாருங்கள், மறுநாள் அழியுங்கள். 'டீஃபால்ட்', 'பப்ளிக்', நிர்வாகிக் கணக்கு ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள்.

பென் டிரைவுடன் வந்த பெரியவர்

கணக்குப் பிரிவு அம்மாள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு பெயரில் நிறுத்தினார். ரிடையரான வேபிரிட்ஜ் குமாஸ்தா.

"அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அழிங்க தம்பி. இங்கதான் பக்கத்துல இருக்காரு."

அரை மணியில் பெரியவர் மொபெட்டில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் பென் டிரைவ். தம்பி நிர்வாகியிடம் அனுமதி வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அறையைத் திறந்தார். முதலில் கிடைத்தது அவருடைய மகளின் சர்டிபிகேட் ஸ்கேன்; பிறகு ஆதார் நகல், பி.எஃப். காகிதங்கள். "இதையெல்லாம் இங்கயேவா விட்டுட்டுப் போனேன்!" என்று பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தது ஓர் எக்ஸெல் கணக்கு. அங்கே வந்து போகும் லாரிகளின் காலி எடை, வண்டி நம்பர்வாரியாக, பல வருஷத்துக்கு!

"அடடா! இதைத்தானே ரெண்டு மாசமா தேடிட்டிருக்கோம்!" என்றார் குமாஸ்தா.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார் பெரியவர்.

சொந்தக் காகிதங்கள் பென் டிரைவுக்கும், எடைக் கணக்கு சர்வரில் உள்ள பொது ஃபோல்டருக்கும் போயின. அதற்குப் பிறகுதான் தம்பி 'டெலீட்' பட்டனை அழுத்தினார்.

வேலையை விடுகிறவரிடம் அடையாள அட்டை, லாக்கர் சாவி, ஹெல்மெட் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு 'நோ ட்யூஸ்' பாரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் என்ன? 'கம்ப்யூட்டரில் உள்ள சொந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டார். ஆபீஸ் காகிதங்களை ஒப்படைத்தார்.' பீகாருக்குப் போய்விட்ட பையனை ஆரம்பாக்கத்துக்குத் திரும்பக் கூப்பிட முடியாது. கடைசி நாளில் பத்து நிமிஷம் உட்கார வைத்திருந்தால் அவன் காகிதமும் அவனோடு போயிருக்கும். 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்த சொந்த விவரங்களை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, வேறு சட்டப்படி வைக்க வேண்டியவை நீங்கலாக, என்ற கொள்கையையே சொல்கிறது. கேட்பாரற்ற அறையில் ஒருவருடைய ஆதார் நகல் கிடப்பது யாருக்கும் நல்லதில்லை.

மாலை ரயிலில் திரும்பும்போது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில், ஜன்னலோரக் கம்ப்யூட்டர் ஒன்றில் என் பெயரிலும் ஓர் அறை உண்டு. அதில் என்னென்ன விட்டுவிட்டு வந்தேன்?

நாளைக்கே போன் செய்து கேட்கப் போகிறேன். நீங்களும் கேட்டுவிடுங்கள்!