பெரிய டைல்ஸை ஓரம் சிதறாமல் வெட்டுவோம்



மல்லாங்கிணறு பக்கம் சித்தாள் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்கள், "சுமக்கிறது நாங்க, வெட்ட மட்டும் விட மாட்டேங்கிறாக" என்கிறார்கள். அந்த வேலையையும் கற்றுக்கொள்வோம்.

குஜராத் மோர்பியில் செய்யும் 2-க்கு 4 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூட தண்ணீர் உறிஞ்சாது. அவ்வளவு இறுக்கம். அதனால்தான் ஓரம் சிதறுகிறது.

1. டைல்ஸ் முழுவதும் சமமான பலகையில் படியணும். ஒரு முனை தொங்கினால் கடைசியில் உடையும்.

2. நேர்வெட்டுக்குக் கை கட்டர் போதும். பளபளப்பான பக்கத்தில் ஒரே இழுப்பில் கோடு போடுங்க. அதே கோட்டில் மறுபடி கீறினால் ஓரம் உதிரும். பிறகு அழுத்தினால் கோட்டிலேயே பிரியும்.

3. மெஷினுக்கு, ஓரத்தில் வெட்டுவாய் இல்லாத முழு வட்ட டைமண்ட் பிளேடு போடணும். முதலில் மேலாக, பிறகு ஆழமாக.

4. 'எல்' வடிவில் வெட்ட, உள்மூலையில் முதலில் ஓட்டை போடணும். இல்லாவிட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும்.

முக்கியமானது தூசி. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். சிலிக்கோசிஸ் வந்தால் குணமாக்க மருந்து இல்லை. முந்தானையால் மூடினால் போதாது. என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் அதற்கென உள்ள மெஷினில் மட்டும். சாதாரண மெஷினில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும்.

முதலில் உடைந்த துண்டுகளில் பழகுவோம். கை பழகிவிட்டால் சித்தாள் கூலியோடு நிற்க வேண்டியதில்லை.