பத்தாவது முடிச்ச தம்பிக்கு பாலிடெக்னிக்கா, பிளஸ் ஒன்னா? ஒரு ஜவ்வாது மலைக் கணக்கு

மே மாசம் பத்தாவது ரிசல்ட் வந்த கையோட, வீட்டுல முதல் சம்பளக்காரரான உங்களுக்குத்தான் போன் வரும். "தம்பியை பாலிடெக்னிக்ல விடலாமா, பிளஸ் ஒன் படிக்கட்டுமா? நீயே சொல்லுப்பா." சம்பளம் வாங்குற ஒரே காரணத்துக்காகப் படிப்பு முடிவும் நம்ம தலைமேல வந்து விழுது.

ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கத்துல இருந்து கிளம்பி, ஓசூர்லயோ ஒரகடத்துலயோ வேலை பார்க்குறவங்களுக்கு இது இன்னும் கனமான கேள்வி. பாலிடெக்னிக்னா மலையை விட்டு இறங்கணும். பதினஞ்சு வயசுல ஹாஸ்டல் வாழ்க்கை. அதனால இன்னைக்கு அந்த வீட்டுக் கணக்கையே எடுத்துப்போம். உங்க ஊர் எதுவா இருந்தாலும் இது பொருந்தும்.

பதினஞ்சு வயசுல காலேஜ்: புதுசா என்ன?

நியூயார்க்ல லகார்டியா கம்யூனிட்டி காலேஜ் வளாகத்துக்குள்ளேயே 1974-ல ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினாங்க. அந்த வழியில பிற்பாடு அமெரிக்கா முழுக்க 'ஏர்லி காலேஜ்' பள்ளிகள் வந்துச்சு. பள்ளிப் படிப்போடவே, ரெண்டு வருஷம் வரைக்குமான காலேஜ் கிரெடிட்டையும் முடிச்சுடலாம். அங்கே லாபம் நேரடியானது: காலேஜ் ஃபீஸும் மிச்சம், வருஷமும் மிச்சம்.

நம்ம தாத்தா காலத்துல இங்கேயும் பி.யு.சி. இருந்துச்சு. பள்ளி முடிச்சதும் ஒரு வருஷம் காலேஜ்ல போய்ப் படிப்பாங்க. 1978-ல பிளஸ் டூ வந்ததும் அந்த வகுப்பு பள்ளிக்கூடத்துக்கே திரும்பிடுச்சு. இன்னைக்கு பத்தாவது முடிச்ச கையோட காலேஜ் வளாகத்துல கால் வைக்க மிச்சம் இருக்குற முக்கியமான வழி பாலிடெக்னிக். வேலூர் தொரப்பாடியில தந்தை பெரியார் ஈ.வெ.ரா. அரசு பாலிடெக்னிக் இருக்கு. அதே வேலூர் பாகாயத்துல தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி. ஒண்ணுல டிப்ளமோ, அதுக்கப்புறம் இன்னொண்ணுல லேட்டரல் என்ட்ரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வருஷக் கணக்கு

- பத்தாவது + டிப்ளமோ 3 வருஷம் + நேரா பி.இ. ரெண்டாம் ஆண்டுல சேர்ந்து 3 வருஷம் = 16 வருஷம்.
- பத்தாவது + பிளஸ் டூ 2 வருஷம் + பி.இ. 4 வருஷம் = 16 வருஷம்.

பார்த்தீங்களா? "சீக்கிரமா காலேஜ் போறான்"ங்கிறதால பி.இ.-க்கு ஒரு வருஷம்கூட மிச்சம் இல்லை. அப்போ டிப்ளமோவோட லாபம் என்ன? நடுவுல இறங்க ஒரு ஸ்டாப் இருக்கு. பதினெட்டு வயசுல, கையில ஒரு சான்றிதழோட, டிப்ளமோ டிரெய்னியா வேலைக்குப் போகலாம். அப்பாவுக்கு உடம்பு முடியலை, கடன் நெருக்குது, இன்னொரு சம்பளம் கட்டாயம் வேணும்னா, அந்த ஸ்டாப்போட மதிப்பு ரொம்பப் பெரிசு.

யாரும் சொல்லாத விலை: 7.5%

அரசுப் பள்ளியில ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படிச்சவங்களுக்கு, பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரி தொழிற்படிப்புகள்ல 7.5% இடத்தை 2021-ல சட்டம் போட்டு ஒதுக்கினாங்க. இதுல சேர்றவங்களோட கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏத்துக்கும்னும் அறிவிச்சாங்க. பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதுக்குள்ள வரும்.

தம்பி பத்தாவதோட வெளியே வந்துட்டா, "ஆறு முதல் பன்னிரண்டு வரை"ங்கிற நிபந்தனை அங்கேயே உடைஞ்சுடும். டிப்ளமோ ஃபீஸ் கம்மின்னு போறோம். நாலு வருஷ பி.இ. ஃபீஸும் ஹாஸ்டலும் கிடைக்கக்கூடிய ஒரு உரிமையை விட்டுட்டுப் போறோம். மருத்துவம், அஞ்சு வருஷ சட்டப் படிப்பு ரெண்டுக்குமே பிளஸ் டூ வேணும். ஜவ்வாது மலைப் பக்கம் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான ரெண்டே நாள்ல சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 23 வயசுல உரிமையியல் நீதிபதியா தேர்வானாங்க. 2024 பிப்ரவரியில தமிழ்நாடே கொண்டாடிச்சு. அவங்க படிச்சது பி.ஏ., பி.எல். மலையில இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கனவு இருந்தா, பத்தாவதுல கதவைச் சாத்திடாதீங்க.

அதுக்காக 7.5% இருக்கு, சீட் நிச்சயம்னு நினைக்க வேண்டாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க் வந்தாதான் நல்ல காலேஜ்.

ஃபீஸ் இல்லை, மாசச் செலவுதான் ஆளைச் சாய்க்கும்

அரசு பாலிடெக்னிக் ஃபீஸ் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். ஆனா பஸ், மெஸ், ரெக்கார்டு நோட்டு, போன் ரீசார்ஜ்? உதாரணத்துக்கு மாசம் 3,000 ரூபாய்னு வச்சுப்போம்.

பாலிடெக்னிக் வழி: 36 மாசம் × 3,000 = 1,08,000 ரூபாய். அரசுப் பள்ளியில படிச்சிருந்தா, பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் (2022 செப்டம்பர்ல வந்தது), பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்ட்) திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். அதைக் கழிச்சா உங்க பங்கு 72,000.

பிளஸ் டூ வழி: பிளஸ் டூ வரை இருக்குற பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில தங்குறதும் சாப்பாடும் இலவசம். அந்த 24 மாசம் அதே 3,000-ஐ ஆர்.டி.-யில போட்டா 72,000 ரூபாய், வட்டி தனி. காலேஜ் சேரும்போது லேப்டாப், பெட்டி படுக்கை, முதல் வருஷக் கைச்செலவு எல்லாம் ரெடி. அதாவது, ஒரு வழியில செலவாகுற அதே தொகை, இன்னொரு வழியில சேமிப்பா நிக்குது.

உதவித்தொகைத் திட்டங்களோட விதிகள் மாறலாம். சேர்ற வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கோங்க. பழங்குடிச் சாதிச் சான்றிதழ், ஆதார் இணைச்ச வங்கிக் கணக்கு ரெண்டையும் ரிசல்ட்டுக்கு முன்னாடியே தயார் பண்ணிடுங்க.

வரி விஷயத்துல ஏமாறாதீங்க

தம்பி, தங்கச்சி ஃபீஸை நீங்க கட்டினா வரிக் கழிவு கிடையாது. அது சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். உங்க பேர்ல கடன் வாங்கிக் கூடப்பிறந்தவங்களைப் படிக்க வச்சாலும் கல்விக் கடன் வட்டிக் கழிவு வராது (நீங்க சட்டப்படி கார்டியனா இருந்தாதான் உண்டு). புதிய வரிமுறையில இந்த ரெண்டுமே இல்லை. "டேக்ஸ்ல வந்துடும்"னு நம்பி பர்சனல் லோன் போடாதீங்க. கடன் கட்டாயம்னா, படிக்கிறவர் பேர்ல, பெற்றோர் இணை விண்ணப்பதாரரா கல்விக் கடனா எடுங்க.

அப்போ எதுதான் சரி?

பதினெட்டு வயசுல அவன் சம்பளம் வீட்டுக்குக் கட்டாயம் தேவையா? பட்டறை, மெஷின்னா அவனுக்கு உயிரா? பாலிடெக்னிக்குக்கு அனுப்புங்க, லேட்டரல் என்ட்ரியை முதல் நாள்லயே இலக்கா வைங்க. படிப்புல ஓரளவு பிடிப்பு இருக்கு, நீங்க இன்னும் கொஞ்ச வருஷம் தாங்க முடியும்னா, அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடிக்கட்டும்.

ரெண்டுலயும் உங்க வேலை ஒண்ணுதான்: மாசம் ஒண்ணாம் தேதி தவறாம அந்த 2,000, 3,000 ரூபாயைத் தனியா எடுத்து வைக்கிறது. இந்த மாசச் சம்பளத்துலயே தொடங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி போனை எடுத்து, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: "உனக்கு என்னடா படிக்கணும்?"